ஆபரேஷன் முடிந்தது, பி.எஸ்.ஏ. சோதனை முடியவில்லை

ராகலையிலிருந்து கண்டி கிளினிக்குக்குப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். துணைக்கு வரும் மகனுக்கோ மருமகளுக்கோ அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது, நாள் சம்பளம் கிடைக்காது. புரொஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, காயம் ஆறி, சிறுநீரும் சீரான பெரியவர் "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு ரத்தம் குடுக்கணும்?" என்று கேட்டால் கோபிக்க முடியாது. ஆனால் இந்த நோய் திரும்பி வந்தால், உடம்புக்குத் தெரியும் முன்பே, பல வேளை வருடக்கணக்கில் முன்பே, இரத்தத்தில் தெரிந்துவிடும்.

பி.எஸ்.ஏ. என்றால் என்ன?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பியின் கலங்கள் சுரக்கும் ஒரு புரதம் இது. அதில் சிறிதளவு இரத்தத்தில் கலக்கும். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் புதிதாகச் சுரக்க இடமில்லை. எஞ்சியிருப்பது ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆபரேஷனுக்கு முன் 10 இருந்தவருக்கும் ஆறு வாரத்தில் அளக்க முடியாத அளவுக்கு அது இறங்கிவிட வேண்டும்.

அமெரிக்காவில் 1986இல் இந்தச் சோதனைக்கு முதன்முதலில் அனுமதி கிடைத்ததே, ஏற்கெனவே நோய் கண்டவர்களைக் கண்காணிப்பதற்காகத்தான். நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனையாக 1994இல்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீர் அடைப்புக்காக உள்ளிருந்து சுரண்டி எடுக்கும் ஆபரேஷனில் சுரப்பியின் ஒரு பகுதி உள்ளேயே இருக்கும். அவர்களுக்குப் பி.எஸ்.ஏ. இப்படி அடியோடு இறங்காது. கதிர் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கும் கணக்கு வேறு. உங்களுக்குச் செய்தது எது என்பதை டொக்டரிடம் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

எப்போதெல்லாம் பார்ப்பது?

முதல் சோதனை வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகு. முதல் வருடத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை, மூன்றாம் வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான ஒழுங்கு. நோயின் தன்மையைப் பார்த்து டொக்டர் இதைக் கூட்டுவார், குறைப்பார். ஐந்து வருடம் தாண்டிய பிறகும் நோய் திரும்பலாம். அதனால் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. இதற்காகப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. தேநீர் குடித்துவிட்டே பஸ் ஏறலாம்.

ரிப்போர்ட்டை வாசிப்பது எப்படி?

"<0.1" என்று இருந்தால், முன்னால் உள்ள அந்தக் குறியைக் கவனியுங்கள். மில்லிலீற்றருக்கு 0.1 நனோகிராமை விடக் குறைவு என்று அர்த்தம். அது நல்ல செய்தி. 0.2 அல்லது அதற்கு மேல் வந்து, மறுபடி பார்த்தபோதும் அப்படியே இருந்தால், நோய் திரும்புவதன் அறிகுறியாக டொக்டர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். ஒரேயொரு ரிப்போர்ட்டை வைத்துப் பயப்படவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம். ஏறும் வேகம் முக்கியம். 0.2 மூன்று மாதத்தில் 0.4 ஆவதும் இரண்டு வருடத்தில் 0.4 ஆவதும் ஒன்றல்ல.

தராசை மாற்றாதீர்கள்

தராசு மாறினால் கொழுந்தின் நிறையும் மாறும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆய்வுகூடங்களும் அப்படித்தான். ஒரு தடவை நுவரெலியாவில், அடுத்த தடவை கண்டியில் என்று பார்த்தால், ஏறியது பி.எஸ்.ஏ.யா, மெஷினின் வித்தியாசமா என்று தெரியாது. கூடியவரை ஒரே இடத்தில் பாருங்கள். பயோட்டின் சேர்ந்த வைட்டமின் குளிசைகள் சில மெஷின்களைக் குழப்பும். நாட்டு மருந்து உட்பட எடுப்பதையெல்லாம் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏறினால் என்ன செய்வது?

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஆபரேஷன் செய்துகொண்ட 1,997 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1999இல் வெளியானது. பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறியவர்கள் 315 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அது ஏறி எட்டு வருடம் கழித்தும் நோய் வேறிடத்துக்குப் பரவியிருக்காது என்பது அதன் கணிப்பு. ஆகவே இலக்கம் ஏறியதும் எல்லாம் முடிந்தது என்று உட்கார வேண்டியதில்லை. சுரப்பி இருந்த இடத்துக்குக் கதிர் சிகிச்சை தேவைப்பட்டால், பி.எஸ்.ஏ. 0.5ஐத் தாண்டும் முன் கொடுப்பது கூடுதல் பலன் தரும். சிலருக்கு ஹோர்மோன் மருந்து, சிலருக்கு வெறும் கண்காணிப்பே போதும். தவறிய கிளினிக் நாளின் விலை இங்கேதான் தெரியும்.

முதுகுவலி மலையில் யாருக்கும் புதிதல்ல. ஆனால் இந்த நோய் முதுகெலும்புக்கும் பரவக்கூடும். ஆகவே விடாத புது வலியோடு கால் பலமிழந்தால் அல்லது சிறுநீர் அடைத்தால், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு பக்கம் போதும்

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி, இலக்கம், ஆய்வுகூடம் என்று மூன்று கோடு போடுங்கள். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தால் பேரப்பிள்ளை பார்த்து எழுதட்டும். அடுத்த முறை டொக்டர் மாறியிருந்தாலும், அந்தப் பக்கத்தை நீட்டினால் போதும்.