சமையற்கூடப் பணியாளரின் பெயரில் ஒரு போர்க்கப்பல்

போர்க்கப்பலுக்குப் பெயர் சூட்டுவது வெறும் சடங்கன்று. தான் யாரைப் போற்றுகின்றது என்பதை ஓர் அரசு உலகுக்கு அறிவிக்கும் செயல் அது. 2020 ஜனவரி 20ஆம் திகதி, மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளன்று, அமெரிக்கக் கடற்படை விடுத்த அறிவிப்பு இதற்குத் தக்க சான்று. திட்டமிடப்பட்டிருந்த அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்கு டொரிஸ் மில்லர் என்ற பெயர் சூட்டப்படும் என்பதே அந்த அறிவிப்பு.

இவ்வகைக் கப்பல் ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன் எடை கொண்டது. அதன் இரு அணு உலைகளின் வெப்பத்தால் உண்டாகும் நீராவி சுழலிகளை இயக்குகின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் உலைகளுக்குப் புதிய எரிபொருள் தேவையில்லை. ஆயினும் விமானங்களுக்கான எரிபொருளும் ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்கான உணவும் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிகள் பெரும்பாலும் ஜனாதிபதிகளின் பெயர்களையே தாங்கி வந்துள்ளன. மில்லரோ டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். கப்பலின் சமையற்கூடப் பணியாளர். அக்காலத்தில் அவரது இனத்தவர்க்குக் கடற்படையில் பெரும்பாலும் அத்தகைய பணிகளே வழங்கப்பட்டன. 1941 டிசம்பர் 7ஆம் திகதி பேர்ள் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது, காயமுற்ற கப்பல் தலைவரைப் பாதுகாப்பான இடத்துக்குத் தூக்கிச் செல்ல அவர் உதவினார். தமக்குப் பயிற்சி அளிக்கப்படாத இயந்திரத் துப்பாக்கியையும் இயக்கினார். 1942 மே மாதம் அட்மிரல் நிமிட்ஸ் அவருக்குக் கடற்படைச் சிலுவைப் பதக்கம் அணிவித்தார். 1943 நவம்பரில் தாம் பணியாற்றிய கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது மில்லர் மடிந்தார்.

பதக்கம் அணிவித்தவரின் பெயரைத் தாங்கிய அணுசக்திக் கப்பல் 2007 ஜூலையில் சென்னைக்கு அப்பால் நங்கூரமிட்டதை வாசகர்கள் சிலர் நினைவுகூரக் கூடும். பதக்கம் பெற்றவரின் பெயரை அத்தகைய கப்பலுக்குச் சூட்டும் முடிவு வருவதற்கோ அவர் மறைந்து எழுபத்தாறு ஆண்டுகள் கடந்தன.

பிந்தி வந்ததாயினும் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் பெயர் மட்டும் நீதியாகிவிடாது. உயிருடன் இருந்தவருக்கு மறுக்கப்பட்ட சமத்துவத்தை, அவர் பெயர் தாங்கிய இரும்பு மீட்டுத் தரப்போவதில்லை.

வன்னிக் கரையில் வாழும் எமக்கும் இது புதிய பாடமன்று. முல்லைத்தீவு வட்டுவாகலில் உள்ள கடற்படை முகாம் ‘கோட்டாபய’ என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதற்குள் தமது காணிகள் அடங்கியுள்ளதாகக் கூறும் மக்கள், சுவீகரிப்புக்கான நில அளவீடுகளைப் பலமுறை எதிர்த்துத் தடுத்துள்ளனர். பெயர்ப்பலகையில் அரசு எழுதுவது ஒன்று. காணி உறுதியில் மக்கள் வைத்திருப்பது வேறொன்று.

ஒருவரது உரிமையை ஏற்றுக்கொண்டபின் சூட்டப்படும் பெயரே மரியாதையாகும். மற்றையவை அதிகாரத்தின் முத்திரைகளே என்பது எமது நிலைப்பாடு.