கரையில்லாத ஏழு நாட்கள்

லண்டனில் விமானம் ஏறினால் எட்டு மணி நேரத்தில் நியூயார்க். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் 'குவீன் மேரி 2' கப்பலில் ஏறினால் ஏழு இரவுகள். வழக்கமான பயணத்தில் நடுவே எந்தத் துறைமுகத்திலும் கப்பல் நிற்காது. அட்லாண்டிக் பெருங்கடலின் குறுக்கே ஏறக்குறைய 5,800 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

2004ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய இந்தக் கப்பலின் நீளம் 345 மீட்டர். பயணிகள் சுமார் 2,700 பேர், ஊழியர்கள் 1,200 பேருக்கு மேல். நூலகம், திரையரங்கு, நடன அரங்கு, கோளரங்கம் என்று வசதிகளுக்குக் குறைவில்லை. காலையில் பயணிகள் ஏழாம் தளத்து நடைபாதையில் கப்பலைச் சுற்றி நடக்கிறார்கள். மூன்று சுற்று வந்தால் 1.8 கிலோமீட்டர். நடந்துகொண்டே பார்த்தால் நாலா பக்கமும் கடல்தான். கடல் மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் நம் கண் இருந்தால் தொடுவானம் சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதாவது 1,000 சதுர கிலோமீட்டர் கடல் ஒரே பார்வையில். அதில் இன்னொரு கப்பல்கூடத் தென்படாத நாட்கள் உண்டு.

கரையில் மூன்று விஷயங்களைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை: கடிகார நேரம், ஆடாத தரை, குடிக்கத் தண்ணீர். நடுக்கடலில் இந்த மூன்றையும் கப்பலே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் நேரம். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது; மணிக்கு 15 டிகிரி. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தீர்க்கரேகைக் கணக்கில் சுமார் 73 டிகிரி தூரம். அதனால்தான் இரண்டு ஊர்களின் கடிகாரத்துக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். இந்த ஐந்து மணி நேரத்தை விமானப் பயணி ஒரே மூச்சில் தாண்டிவிட்டு, இறங்கிய ஊரில் நள்ளிரவில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கப்பலோ தவணை முறையில் தாண்டுகிறது. மேற்கு நோக்கிப் போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிறார்கள். அந்த நாட்களுக்கு 25 மணி நேரம். கூடுதல் மணி நேரம் தூக்கத்தில் சேர்ந்துவிடுகிறது. மனித உடலுக்குள் இருக்கும் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. ஆகவே நாள் நீள்வதை அது சுலபமாக ஏற்றுக்கொள்கிறது. கிழக்கு நோக்கித் திரும்பி வரும்போது கதை வேறு. அப்போது நாளுக்கு 23 மணி நேரம்தான். இழக்கும் மணி நேரம் தூக்கத்தில் விழக் கூடாது என்பதால் பகல் 12 மணியை அப்படியே ஒரு மணி ஆக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது தரை. கப்பலின் இரு பக்கமும் சேர்த்து நீருக்கடியில் நான்கு துடுப்புகள் உண்டு. இவை தண்ணீரைத் தள்ளும் துடுப்புகள் அல்ல. விமான இறக்கையின் வேலையைச் செய்பவை. கப்பல் சாயத் தொடங்கியதுமே சுழல்மானி என்னும் கருவி அதை உணர்ந்துகொள்கிறது. உடனே ஒரு பக்கத் துடுப்பு மேல்நோக்கியும் மறுபக்கத் துடுப்பு கீழ்நோக்கியும் திரும்புகின்றன. பாய்ந்து வரும் நீர் அவற்றின் மீது மோதி, கப்பலைச் சாய்ந்த பக்கத்திலிருந்து நிமிர்த்துகிறது. கப்பல் ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்த ஏற்பாடு பலிக்கும். பக்கவாட்டு ஆட்டத்தை இது பெரிதும் அடக்கிவிடும். ஆனால் முன்பக்கம் ஏறிப் பின்பக்கம் இறங்கும் ஆட்டத்தை அடக்க முடியாது. இரு முனைகளும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அவ்வளவாக அசையாது; நீளவாக்கில் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறைகளில் ஆட்டம் குறைவாகத் தெரிவது இதனால்தான்.

மிச்சமிருக்கும் ஆட்டத்தைக் கவனிப்பது நம் உள்காது. அங்கே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை அளக்கின்றன. பக்கத்தில் இரண்டு சிறு பைகள்; அவற்றில் கால்சியம் கார்பனேட் துகள்கள். அந்தத் துகள்கள் சரியும் விதத்தைக் கொண்டு நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை மூளை அறிகிறது. அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது சுவரும் மேசையும் அசையவில்லை என்கிறது கண். எல்லாம் அசைகிறது என்கிறது காது. இந்த முரண்பாடுதான் குமட்டலைக் கிளப்புகிறது. வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும், குமட்டல் தணியும். இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலோரின் மூளை ஆட்டத்தை முன்கூட்டியே கணக்கிடப் பழகிவிடுகிறது. நியூயார்க்கில் இறங்கிய பிறகும் சிலருக்குத் தரை அசைவதுபோல இருப்பது, மூளை அந்தக் கணக்கை இன்னும் நிறுத்தவில்லை என்பதால்தான்.

மூன்றாவது தண்ணீர். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அதிசயம். குளியல், சமையல், சலவை எல்லாமாகச் சேர்த்து இந்தக் கப்பலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 11 லட்சம் லிட்டர் நன்னீர் வேண்டும். தலைக்கு ஏறக்குறைய 275 லிட்டர். தொட்டிகளின் கொள்ளளவோ சுமார் 38 லட்சம் லிட்டர்தான். நிரப்பிக்கொண்டு கிளம்பினாலும் நான்காம் நாளே தீர்ந்துவிடும். கரையோ ஏழு நாள் தூரத்தில்.

கடல்நீரைக் காய்ச்சி நன்னீர் எடுக்க வழியைக் காட்டுவது எஞ்சின் அறை. டீசல் எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் மின்சாரமாக மாறுகிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வெளியே வரும் நீர் 80, 90 டிகிரி சூட்டில் இருக்கும். அதை வைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியுமா? கொதிநிலை 100 டிகிரி ஆயிற்றே! இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டுகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் அது நேர்மாறாக இறங்கும். காற்றழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் தண்ணீர் 60 டிகிரியிலேயே கொதிக்கும்.

கப்பலில் உள்ள மூன்று சுத்திகரிப்பு ஆலைகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் நாளுக்கு 6,30,000 லிட்டர் தரக்கூடியது. காற்று உறிஞ்சப்பட்ட அறையில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. தகட்டின் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் கடல்நீர். கடல்நீர் கொதித்து நீராவி எழ, உப்பு அடியில் தங்கிவிடுகிறது. அந்த நீராவி அடுத்த அறைக்குப் போய், அங்கே தகட்டின் மீது குளிர்ந்து நன்னீராகிறது. குளிரும்போது அது விடும் வெப்பமே அந்த அறையின் கடல்நீரைக் கொதிக்க வைக்கிறது. அங்கே அழுத்தம் இன்னும் குறைவு என்பதால் குறைந்த சூடே போதும். ஒரே வெப்பம் பல முறை வேலை வாங்கப்படுகிறது. கிடைக்கும் நீரில் தாதுக்கள் இருக்காது. குடிக்கச் சப்பென்றிருக்கும், குழாய்களையும் அரிக்கும். எனவே தாது உப்பு சேர்த்து, கிருமி நீக்கி, பிறகே குழாயில் விடுகிறார்கள். கப்பலின் வேகம் குறைந்தால் எஞ்சின் சூடு குறையும். அப்போது கொதிகலன்களின் நீராவியைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த நீரை வீணாக்க முடியாது அல்லவா? கழிப்பறைகள் காற்றை உறிஞ்சி இயங்குகின்றன. ஒரு முறைக்குச் சுமார் ஒரு லிட்டர் நீர் போதும்.

குறைந்த அழுத்தத்தில் கடல்நீரை நன்னீராக்கும் நுட்பத்தை நம் நாட்டவரும் அறிவார்கள். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005ஆம் ஆண்டு லட்சத்தீவின் கவரத்தியில் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் ஆலையை அமைத்தது. அங்கே எஞ்சின் சூடுகூடத் தேவைப்படவில்லை. வெயிலில் காய்ந்த மேற்பரப்புக் கடல்நீரை மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலிலிருந்து ஏற்றிய குளிர்நீரால் அந்த ஆவியை நன்னீராக்கினார்கள். வட சென்னை அனல் மின்நிலையம் வெளியேற்றும் வெந்நீரைக் கொண்டும் இதே நிறுவனம் சிறிய ஆலை ஒன்றைக் கட்டி இயக்கிக் காட்டியது. நம் கடற்கரையில் அனல் மின்நிலையங்கள் இரவும் பகலும் வெந்நீரைக் கடலில் விட்டுக்கொண்டிருக்க, பக்கத்து ஊர்கள் கோடையில் குடங்களோடு லாரிக்குக் காத்திருக்கின்றன. நடுக்கடலில் 4,000 பேருக்குத் தண்ணீர் கொடுக்கும் அறிவு கரையில் இருப்பவர்களுக்கும் பயன்பட வேண்டும். சோதனையோடு நிற்காமல் அந்த ஆலைகளைப் பெரிதாகக் கட்டுவதே இனி செய்ய வேண்டிய வேலை.