ஏழு மணி வகுப்பு

சிங்கப்பூரில் இரவு 7 மணி வகுப்புகளில் முதலில் நிரம்புவது கடைசி வரிசை. வேலையிலிருந்து நேராக வந்தவர்கள். சிலர் சீருடைகூட மாற்றியிருக்க மாட்டார்கள். பையில் ஒரு கறிபஃப், மடியில் கைப்பேசி, அதில் மறுநாள் ஷிஃப்ட் பற்றிய செய்தி.

இருபதுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் டிப்ளோமாவைப் பட்டமாக்கிக்கொள்ள வருகிறார்கள். 2015இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில், 25 வயது நிறைந்த குடிமக்களுக்கு 500 வெள்ளி கிடைக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களை இழுத்து வருவது பயம். துறையே கைவிட்டுப் போய்விட்டால்? அவர்களுக்காகத்தான் 2024 மே மாதம் மேலும் 4,000 வெள்ளி தரப்பட்டது. இதைப் பொழுதுபோக்கு வகுப்பில் செலவழிக்க முடியாது. வேலைக்கு உதவும் படிப்புக்கு மட்டுமே. அந்த வயதினரில் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்க வருவோருக்கு, 2025 முதல் பழைய சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளிக்கு மிகாமல், 24 மாதங்கள் வரை உதவித்தொகை உண்டு. எல்லாப் படிப்புக்கும் அல்ல, தேர்ந்தெடுத்தவற்றுக்கு.

அறுபதைத் தொட்டவர்களும் வருகிறார்கள். ஓய்வு வயது 2026 ஜூலையில் 63இலிருந்து 64 ஆகிறது. அதற்குப் பிறகும் முதலாளி மறுவேலை தரவேண்டிய வயது வரம்பு 69 ஆகிறது. இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வேண்டுமென்றால் கணினியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க முடியாது.

சரி, முதலாளி என்ன செய்கிறார்? ஊழியரை நிறுவனமே வகுப்புக்கு அனுப்பினால், கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 90 விழுக்காடு வரை. ஊழியர் வகுப்பில் இருக்கும் நேரத்துக்கும் மணிக்கு 4.50 வெள்ளி நிறுவனத்துக்குக் கிடைக்கும். எட்டு மணி நேர வகுப்பென்றால் 36 வெள்ளி. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் இது கணக்குக்கு ஒத்துவரும். ஆறு பேர் உள்ள பட்டறையில் ஒருவர் போய்விட்டால் அவர் வேலையை யார் பார்ப்பது? 36 வெள்ளிக்கு மாற்று ஆள் வரமாட்டார். என்னைக் கேட்டால், பணத்தைவிட ஷிஃப்ட் அட்டவணையை மாற்றித் தரும் முதலாளிதான் பெரிய உதவி செய்கிறார்.

இன்னொரு சங்கதி. 500 வெள்ளியும் 4,000 வெள்ளியும் சொந்தமாகப் பதிந்து படிப்பவர்களுக்கானவை. நிறுவனம் அனுப்பும் வகுப்புக்கு அவற்றைப் பயன்படுத்த முடியாது. ஆகவே சொந்தத் தொகையில் படிப்பவர் முதலாளியிடம் எதுவும் சொல்லவேண்டியதில்லை. கடைசி வரிசையில் பலர் சொல்வதும் இல்லை. வேறு வேலைக்குப் போகத்தானே படிக்கிறார்கள்.