இல்லம் பேணல் – 9: மண் கோட்டின் வழியே

சென்ற இதழில் மழைநீர் கூரையிலிருந்து சுவருக்குள் இறங்கும் வழிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த ஈரத்தை நாடிக் கீழேயிருந்து மேலே ஏறிவரும் ஒரு ஜீவராசியைப் பற்றி இவ்வாரம் சொல்லியாக வேண்டும். கறையான் என்றவுடன் எல்லோரும் மரத்தைத் தட்டிப் பார்க்கவே விரைகிறார்கள். வீட்டைச் சோதிக்கப் புகுபவர் சற்று நேரம் மறந்திருக்க வேண்டியது அந்த மரத்தைத்தான் என்பது என் அபிப்பிராயம். நம் வீடுகளுக்குச் சேதம் விளைவிக்கும் கறையான்களிற் பெரும்பாலானவை மண்ணில் குடியிருப்பவை. வறண்ட காற்றும் வெயிலும் பட்டால் விரைவில் மடிந்துபோகும் மெல்லிய உடல் படைத்தவை. ஆதலால் மண்ணிலிருந்து மரத்துக்குச் செல்லும் பிரயாணம் முழுவதையும், மண்ணை உமிழ்நீரில் குழைத்துத் தாமே கட்டிக்கொண்ட மூடுபாதைக்குள்ளேயே நடத்துகின்றன. அந்தப் பாதையைக் கண்டுபிடிப்பதே சோதனை. மரம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது அதன் பின் எழும் விசாரணை.

சுவரின்மேல் பென்சில் கனத்துக்கு ஓடும் அந்த மண் கோட்டைப் பார்க்காத குடும்பம் நம் நாட்டில் அரிது. பார்த்த மாத்திரத்தில் விளக்குமாற்றால் தட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, காரியம் முடிந்தது என்று திருப்தியடையாத குடும்பம் அதனினும் அரிது. துடைத்தவர் அழித்தது கறையானை அன்று, அது வந்த வழிக்கு இருந்த ஒரே சாட்சியத்தை. கோட்டைக் கலைக்காமல், கீழே அது எந்த வெடிப்பிலிருந்து புறப்படுகிறது, மேலே எந்தச் சட்டத்துக்குள் நுழைந்து மறைகிறது என்று இரு முனைகளையும் தேடிப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டுக் கவனித்தால், போக்குவரத்து நடக்கும் பாதையாயின், பழுப்புத் தலையுள்ள காவற் கறையான்கள் உடைப்பின் விளிம்புக்கு வந்து தாடைகளை விரித்துக்கொண்டு நிற்பதையும், வெளுத்த உடலுடைய வேலைக்காரக் கறையான்கள் ஈரமண் உருண்டையை வாயில் ஏந்தி வந்து விளிம்பில் ஒட்டுவதையும் காணலாம். மூன்று நான்கு நாட்களில் உடைப்பு அடைபட்டுவிட்டால் உள்ளே குடித்தனம் நடக்கிறது என்று நிச்சயிக்கலாம். அடைபடாவிட்டால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அவை வேறு வழி போட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

பார்க்கும் இடங்களில் குளியலறைக் கதவு நிலையின் அடிப்பாகத்துக்கே முதலிடம் கொடுப்பேன். நீரும் மரமும் தரையும் ஒன்றுகூடும் இடம் வீட்டில் அதைப் போல் வேறொன்றில்லை. சுவரோடு ஒட்டிய அலமாரியின் முதுகுப் பலகை, பரண்மேல் கட்டிவைத்த பழைய காகிதங்கள், மாடிப்படிக்கு அடியில் மறந்துபோன அட்டைப் பெட்டி ஆகியவை அடுத்தபடி. பூஜையறைப் படங்களை ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. முன்புறம் கண்ணாடி பளபளக்க, பின்னட்டை முழுவதும் மண்ணாய் மாறியிருக்கும். கான்கிரீட் வீட்டுக்குக் கறையான் வராது என்று நினைப்பவர்கள் மின்கம்பிக் குழாய்களை மறந்துவிடுகிறார்கள். தரைக்கடியிலிருந்து அந்தக் குழாய்களில் ஏறி, சுவிட்சுப் பலகைக்குப் பின்னால் வெளிப்படுவது அவற்றின் வழக்கம். டார்ச் விளக்கைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல், சுவரோடு சாய்த்து ஒளி தவழும்படி பிடித்தால், சுண்ணாம்போடு நிறம் ஒத்துப்போன கோட்டையும் அதன் நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி மரத்துக்கு வரலாம். அனுபவமுள்ள ஆசாரி உளியின் பிடியால் நிலைக்காலைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல மரம் கணீரென்னும், அரித்த மரம் பொத்தென்னும். உள்ளே மிருதுவான பாகத்தைத் தின்றுவிட்டு, வெளித்தோலையும் பெயிண்டையும் காகிதக் கனத்துக்கு மிச்சம் வைப்பது கறையானின் சாமர்த்தியம். ஆகையால் பெயிண்டு உப்பியிருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அவசியம். தேக்குக்குப் பயமில்லை என்ற நம்பிக்கை பாதி உண்மை. தேக்கின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. வைரத்தைச் சூழ்ந்த வெள்ளையை விடாது. விலையை மிச்சப்படுத்த நிலையின் ஓரத்தில் வெள்ளையை விட்டு, மேலே பெயிண்டால் மூடியிருக்கும் வீடுகளில் அரிப்பு அந்த ஓரத்தில்தான் தொடங்கும்.

மழை பெய்து ஓய்ந்த மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசல், இறக்கை முளைத்த கறையானே. சன்னல் வழியே உள்ளே வந்த ஈசலைக் கண்டு கலங்க வேண்டியதில்லை; அது எங்கோ வயலிலிருந்து வந்திருக்கலாம். சன்னல்கள் மூடியிருக்க, தரை வெடிப்பிலிருந்தோ நிலையின் இடுக்கிலிருந்தோ ஈசல் புறப்பட்டாலும், உதிர்ந்த இறக்கைகள் அறைக்குள் குவிந்து கிடந்தாலும், அடியிலோ சமீபத்திலோ புற்று இருக்கிறது என்பது பிரத்தியட்சம். எறும்புக்கும் இறக்கை முளைப்பதுண்டு. அதன் இடை ஒடுங்கியிருக்கும், முன்னிறக்கை பின்னிறக்கையைவிட நீண்டிருக்கும். ஈசலுக்கு நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

ஈசல் என்றதும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. விஷயத்தை விட்டுச் சற்று விலகுவதை வாசகர்கள் பொறுத்தருள்க. லின்னேயசின் மாணாக்கரும் தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனின் வைத்தியராக இருந்தவருமான யோஹான் கேர்ஹார்ட் கோனிக் என்பவர், 1779-இல் பெர்லின் நகர இயற்கை ஆராய்ச்சியாளர் சங்கத்தின் வெளியீட்டில் கறையானைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். புற்றில் இரண்டு துளைகளிட்டு, காற்று வரும் பக்கத்தில் நாற்றப் புகை மூட்டி, எதிர்ப்பக்கத்தில் கறிவேப்பிலை தேய்த்த பானையின் வாயைப் பொருத்தி ஈசல் பிடிப்பார்கள் என்றும், சில வேளைகளில் ஈசலோடு நல்லபாம்பும் வெளிவரும் என்றும் அவர் எழுதியதாக அடுத்த தலைமுறையினர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கறிவேப்பிலையின் சாஸ்திரப் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது இதே கோனிக்கின் பெயர்.

மண்ணோடு சம்பந்தமே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கறையான் ஜாதியும் உண்டு. அதற்கு மண் கோடு இராது. மேசைக்கடியில் கசகசாவைப் போன்ற துகள்கள் சிறு குவியலாய்க் கிடக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டைகள் தெரியும். துகளாக இல்லாமல் மாவாகக் கொட்டினால் அது கறையானன்று, மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. அதற்குச் சிகிச்சை வேறு.

வீட்டுக்குள் ஒன்றும் அகப்படாவிட்டாலும் வெளியே ஒரு சுற்று வரவேண்டும். சுவரோடு சாய்த்த விறகு, சுவரை ஒட்டிக் குவித்த தோட்டமண், கட்டடம் முடிந்தபின் மண்ணில் புதையவிட்ட சென்டரிங் பலகைத் துண்டுகள் ஆகியவையே பல வீடுகளில் முதல் விருந்து. அறிகுறி உறுதிப்பட்டு மருந்தடிப்பவரை அழைத்தால், அவர் வேலை தொடங்குமுன் பென்சிலால் குறித்த இடங்களைக் காட்டுங்கள். கட்டி முடித்த வீடுகளுக்கான இந்தியத் தர விதி 6313-இன் மூன்றாம் பகுதி, சுவரும் தரையும் சேரும் மூலை நெடுக 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர்த் துளைகள் இட்டு, மருந்தை அடிமண்ணுக்கே செலுத்தச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் கோட்டின்மேல் மட்டும் தெளித்துவிட்டுக் கூலி கேட்பவரிடம் இதை எடுத்துச் சொல்லலாம். கிணறு அருகிலுள்ள வீடுகளில் அந்த மருந்தைச் செலுத்துவதற்கு முன் கவனிக்க வேண்டியவை அதிகம். அவற்றை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)