போர்க்கால ஓடுபாதையும் கிராம சபையின் ஒப்புதலும்

புது தில்லி: இரண்டாம் உலகப் போர் முடிந்து எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் போருக்காக அமைக்கப்பட்ட விமானத் தளம் ஒன்றின் எதிர்காலம் மட்டும் ஜார்க்கண்டில் இன்னும் முடிவாகவில்லை. கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில், ஹௌரா - மும்பை ரயில் பாதையில், காட்சிலாவுக்கும் சாக்குலியாவுக்கும் இடையே உள்ள தால்பும்கர்தான் அந்த இடம்.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும், வங்காளத்திலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் நேச நாடுகள் அவசர அவசரமாக விமானத் தளங்களை அமைத்தன. அருகிலுள்ள சாக்குலியாவில் அமெரிக்காவின் பி-29 ரக குண்டுவீச்சு விமானங்கள் 1944-இல் வந்திறங்கின. போர்க்கால விதிகளின் கீழ் நிலம் எடுக்கப்பட்ட அந்த நாளில் யாரிடமும் சம்மதம் கேட்கும் வழக்கம் இல்லை. போர் முடிந்ததும் படைகள் போயின. பின்னர் தால்பும்கர் ஓடுபாதையைச் சுற்றி சால் மரக்காடு வளர்ந்துவிட்டது.

2019 ஜனவரியில் இங்கு பயணிகள் விமான நிலையம் அமைக்க அப்போதைய முதல்வர் ரகுவர் தாஸும், மத்திய இணையமைச்சர் ஜெயந்த் சின்ஹாவும் அடிக்கல் நாட்டினர். முதல் கட்டத்துக்குத் தேவைப்படும் நிலம் சுமார் 240 ஏக்கர். ஜாம்ஷெட்பூரின் சோனாரி ஓடுபாதையில் பெரிய விமானங்கள் இறங்க முடியாது. பெரிய விமானம் ஏற வேண்டுமானால் அந்தத் தொழில் நகரத்தினர் ராஞ்சிக்கோ கொல்கத்தாவுக்கோதான் செல்ல வேண்டியுள்ளது. எனவே, கோரிக்கையில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால், கேட்கப்படும் நிலத்தில் பெரும்பகுதி வன நிலம். யானைகள் நடமாடும் பகுதி. வனத்தை இழக்க விரும்பாத கிராமத்தினரின் எதிர்ப்பும் சேர்ந்துகொண்டது. திட்டம் இழுபறியானது.

இதுபோன்ற தகராறுகளை அமெரிக்காவில் வாக்குச்சீட்டால் தீர்த்துக்கொண்டதுண்டு. கலிஃபோர்னியாவில் 1999-இல் மூடப்பட்ட எல் டோரோ கடற்படை வீரர் விமானத் தளத்தைப் பயணிகள் விமான நிலையமாக்குவதா, பூங்காவாக்குவதா என்று ஆரஞ்சு மாவட்ட வாக்காளர்கள் பலமுறை வாக்களித்தனர். 1994-இல் விமான நிலையத்துக்கு மிகச் சிறிய வித்தியாசத்தில் ஆதரவு. 2002 மார்ச்சில் சுமார் 58 சதவீதத்தினர் பூங்கா என்றனர். விமான நிலையத் திட்டம் அத்துடன் கைவிடப்பட்டது.

நம் நாட்டில் அத்தகைய வாக்குச்சீட்டு இல்லை. அஸ்ஸாமின் ரூப்சியும், ஒடிசாவின் ஜார்சுகுடாவும் இதே போர்க்காலத் தளங்கள்தான். ஜார்சுகுடா 2018-லும், ரூப்சி 2021-லும் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. உள்ளூர் மக்களிடையே வாக்கெடுப்பு ஏதும் நடக்கவில்லை.

கிழக்கு சிங்பூம் நிலைமை வேறு. அது அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் வரும் பகுதி. 1996-ஆம் ஆண்டின் அட்டவணைப் பகுதிகளுக்கான ஊராட்சிச் சட்டம், நிலம் கையகப்படுத்தும் முன் கிராம சபையைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும்போது கிராம சபையின் ஒப்புதலை இணைக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009 ஆகஸ்டில் சுற்றறிக்கை அனுப்பியது. சாலை, கால்வாய் போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு 2013-இல் சலுகை தரப்பட்டது. ஓடுபாதையும் நீளமானதுதான் என்றாலும், விமான நிலையத்துக்கு அந்தச் சலுகை இல்லை!

இந்த ஒப்புதல் வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு நியம்கிரியே சான்று. ஒடிசாவின் அந்த மலையில் பாக்சைட் எடுப்பது குறித்து கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநில அரசு 12 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. மாவட்ட நீதிபதி நிலையிலான பார்வையாளர் முன்னிலையில் கூட்டங்கள் நடைபெற்றன. பன்னிரண்டு கிராமங்களும் மறுத்துவிட்டன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

ராணுவம் தொடர்பான உதாரணம் ஜார்க்கண்டிலேயே உண்டு. 1964-இல் பீரங்கிப் பயிற்சி தொடங்கிய நேத்தர்ஹாட்டில், பயிற்சிக் களத்தை 245 கிராமங்களுக்கு விரிவாக்கும் அறிவிக்கை 1990-களின் தொடக்கத்தில் வெளியானது. மக்கள் எதிர்ப்பு முப்பது ஆண்டுகள் ஓயவில்லை. கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. அறிவிக்கையை நீட்டிப்பதில்லை என்று 2022 ஆகஸ்டில் மாநில அரசு முடிவெடுத்தது.

எனினும், 2022-இல் வனப் பாதுகாப்பு விதிகள் மாற்றப்பட்டன. வன உரிமைகள் தீர்க்கப்பட்டனவா என்பதை உறுதி செய்யும் பொறுப்பு மாநில அரசுக்குப் போனது. மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிறகு அதைச் செய்தால் போதும். முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது எந்த வகையில் ஒப்புதல் ஆகும் என்று பழங்குடியினர் அமைப்புகள் கேட்பதில் தவறில்லை.

வன உரிமை விதிகளின்படி கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது கூட வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். தால்பும்கர் ஓடுபாதைக்கு எந்தெந்தக் கிராமங்களின் சபைகளைக் கூட்ட வேண்டும் என்பதிலும் சர்ச்சை எழலாம். நிலம் தருவது ஓரிரு கிராமங்கள்தான் என்றாலும், அந்தக் காட்டில் இலையும் விறகும் எடுப்பவர்கள் சுற்றுவட்டாரம் முழுவதும் இருக்கிறார்கள்.