கணவர் பேணிய மைதானம்

ஆடுவோரின் புகழை ஊரே பேசும். மைதானத்தைப் பேணுவோனின் உழைப்பை அறிவார் யார்? பெரும்பாலும் அவன் மனைவியே.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டயர்ஸ்வில் என்றொரு சிற்றூர் உண்டு. 1989இல் வெளிவந்த ‘பீல்ட் ஒவ் டிரீம்ஸ்’ திரைப்படத்துக்காக அங்கே உழவர் டொன் லான்சிங்கின் சோளவயலிலும் அயலவர் நிலத்திலுமாக ஒரு பேஸ்போல் மைதானம் அமைத்தனர். படப்பிடிப்பு முடிந்ததும் அயலவர் தம் பகுதியில் மீண்டும் சோளம் விதைத்தார். டொன் தம் பகுதியை உழவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புல் வெட்டி, மண்ணைச் செப்பனிட்டுக் காத்தார். காண வந்தோரிடம் கட்டணமும் வாங்கவில்லை.

அவ்வாறு காண வந்தவர்களுள் ஒருவரே பெக்கி. பின்னர் அவர் டொன்னின் வாழ்க்கைத் துணைவியானார். கணவரின் உழைப்பைத் தம் பெருமையாகக் கொண்டு மைதானத்தைக் காக்கத் தாமும் தோள்கொடுத்தார்.

2012இல் நிலம் கைமாறியது. 2021இல் அதனருகே புதிய மைதானம் அமைத்துப் பெருங்குழுக்கள் ஆடின. அன்று உலகம் வியந்து நோக்கிய அவ்விடம், ஓர் உழவர் உழாமல் விட்ட நிலத்தால் வாழ்ந்ததன்றோ!