கல்யாணத்தோடு மூடப்படும் கணக்கு
முதுமைக்கு ஒரு முதல் – 6

செய்யாறு சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து புறப்படும் கம்பெனி பஸ்களில் பெரும்பாலும் பெண்கள்தான். காலணி ஆலைகளில் வேலை. வந்தவாசி, ஆரணி, செய்யாறு சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு உள்ளே போகிறவர்கள், கல்யாணம் நிச்சயமானதும் வெளியே வருகிறார்கள். நடுவில் நான்கு வருஷம், ஐந்து வருஷம். சீர்வரிசைப் பட்டியல் போடும்போது வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "உன் பி.எஃப். பணம் எவ்வளவும்மா இருக்கும்?"

திருவண்ணாமலை மாவட்டத்தில் மாதச் சம்பளத்துக்குப் போகும் ஏராளமான பெண்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு இந்தக் கேள்வியோடு முடிந்துபோகிறது. தொடங்குவது எப்படி என்று சென்ற வாரங்களில் நிறையப் பேசிவிட்டோம். இந்தப் பெண்கள் தொடங்கிவிட்டவர்கள். பத்தொன்பது வயதில் தொடங்கியவர்கள். சென்னையில் ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்கூட இவ்வளவு சீக்கிரம் தொடங்குவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். அதில் 12 சதவீதம், 1,440 ரூபாய், பிடித்தம். நிறுவனமும் 12 சதவீதம் போடுகிறது. ஆனால் அது இரண்டாகப் பிரியும்: 8.33 சதவீதம், அதாவது 1,000 ரூபாய், 1995-ல் வந்த ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மீதி 440 ரூபாய்தான் பி.எஃப். கணக்கில் சேரும். ஆக மாதம் 1,880. வட்டி 2024-25-ல் 8.25 சதவீதம். ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய 1 லட்சத்து 38 ஆயிரம் சேர்ந்திருக்கும்.

இந்தத் தொகையை 24 வயதில் எடுக்காமல், அதன்பின் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல், 58 வயது வரை விட்டுவைத்தால்? இன்றைய வட்டியே 34 வருஷமும் இருக்கும் என்று நான் நம்பவில்லை. 2000 வரை 12 சதவீதம் கொடுத்தவர்கள்தான் இப்போது எட்டேகாலில் நிற்கிறார்கள். சராசரி 7 சதவீதம் என்று வைத்தால் பதின்மூன்றே முக்கால் லட்சம் வரும். முகவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள். விலைவாசி வருஷம் 5 சதவீதம் ஏறினால் அன்றைய அந்தப் பணத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம்தான். கோடீஸ்வரியாக முடியாது. ஆனாலும் வாங்கும் சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதுவும் கை வைக்காமல் இருந்ததற்கு மட்டும்.

"வேலையை விட்டு மூணு வருஷம் ஆனா வட்டி நின்னுடும்" என்று சொல்லி எடுக்க வைப்பவர்கள் உண்டு. 2011 ஏப்ரலிலிருந்து அப்படி ஒரு விதி இருந்தது நிஜம். 2016 நவம்பரில் அது மாற்றப்பட்டுவிட்டது. பாதியில் வேலையை விட்டவரின் கணக்குக்கு 58 வயது வரை வட்டி உண்டு. வேலையை விட்டபின் சேரும் வட்டி வருமானவரிக் கணக்கில் வரும், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய இழப்பு அந்த 1,000 ரூபாய் போன ஓய்வூதியப் பக்கத்தில் இருக்கிறது. பத்து வருஷ சேவை இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். பத்துக்குக் குறைந்தால் 10-சி படிவம் போட்டு ஒரு தொகையை வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி அந்த வருஷங்களைக் காப்பாற்றி வைக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் திரும்ப வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர்! முதல் ஐந்து வருஷத்தை எடுக்காமல் வைத்தவருக்கு இன்னும் ஐந்து வருஷம் போதும். கடைசி ஐந்து வருஷச் சராசரிச் சம்பளம் 15,000 என்றால், அதைப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும்: மாதம் 2,143 ரூபாய், ஆயுள் முழுக்க. எடுத்துவிட்டவர் பூஜ்யத்திலிருந்து பத்து வருஷம் ஓட்ட வேண்டும்.

குடும்பங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சட்டமே வழிவிட்டது. 1952-ஆம் ஆண்டு பி.எஃப். திட்டப்படி வேலையை விட்டவர் இரண்டு மாதம் காத்திருந்துதான் முழுப்பணத்தையும் எடுக்கலாம். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பும் வேண்டாம் என்று விலக்கு. கல்யாணத்தோடு அவள் வேலைக்கதை முடிந்துவிடும் என்று டெல்லியில் உட்கார்ந்து விதி எழுதியவரும் எண்ணியிருக்கிறார். 2025 அக்டோபரில் கூடிய பி.எஃப். மத்திய அறங்காவலர் வாரியம், முழுப்பணத்தை எடுக்கும் காத்திருப்பை 12 மாதமாக நீட்டவும், 25 சதவீதத்தைக் கணக்கிலேயே நிறுத்திவைக்கவும் முடிவெடுத்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. வேலை போனவரின் பணத்தை முடக்குவது நியாயமா என்ற அவர்கள் கேள்வி சரியானதுதான். ஆனாலும் அந்தக் கால் பங்கு நிற்பதில் எனக்கு வருத்தமில்லை.

எடுத்த பணத்தில் தங்கம் வாங்கினால் நஷ்டமா என்று கேட்பீர்கள். கடந்த சில வருஷங்களில் தங்கம் ஏறிய வேகத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எடுத்து நகை செய்த அம்மாக்களின் கணக்கு தப்பில்லை. ஆனால் அந்தச் செயின் முதல் பிரசவத்துக்கோ கணவரின் ஆட்டோ டியூவுக்கோ அடகுக்கடைக்குப் போகிறது. மீட்கிறோம், திரும்ப வைக்கிறோம். 58 வயது வரை கழுத்தில் தங்குகிற செயின் குறைவு.

முதலில் கை வைக்காமல் காப்பது நமக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு அணையாமல் எரியும் நந்தா விளக்கு வைத்தவர் 96 ஆடுகள் கொடுத்ததாக அடிக்கடி வரும். சில இடங்களில் 90. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் குட்டிகளைக் கொண்டு ஈடுகட்டிக்கொள்வது அவர் பொறுப்பு. கோயில் கணக்கில் 96 என்றைக்கும் 96. 'சாவா மூவாப் பேராடு' என்றே எழுதி வைத்தார்கள். கல்யாணச் செலவுக்கு நாலு ஆட்டை ஓட்டிக்கொண்டு போக அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

இனி மலையடிவாரத்துக்கு வருவோம். திருவண்ணாமலை நகரத்தில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய ஆலை இல்லை. தேரடி வீதி, சன்னதி தெரு, செங்கம் சாலை என்று எங்கே பார்த்தாலும் லாட்ஜ், ஹோட்டல், துணிக்கடை, பூஜைச் சாமான் கடை. பி.எஃப். சட்டம் 20 பேர் வேலை செய்யும் இடத்தில்தான் கட்டாயம். முதலில் 50 பேர் என்றிருந்ததை 1960 முடிவில் 20 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அறுபது வருஷத்துக்கு மேல் அந்த எண் அசையவில்லை. இந்த ஊர்க் கடைகளில் பெரும்பாலானவை எட்டு பேர், பன்னிரண்டு பேர் வைத்து நடப்பவை. பரோட்டா மாஸ்டர் இருபது வருஷம் கல்லில் நின்றாலும், எட்டு பேர் கடையில் அவர் பெயரில் ஒரு பி.எஃப். எண் இருக்காது. முதலாளி விரும்பினால் தானாகவே திட்டத்தில் சேரலாம் என்று சட்டத்தில் வழி உண்டு. எத்தனை முதலாளி விரும்புவார்?

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1958-ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஒரே ஓர் ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் கட்டியாக வேண்டும்: தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். நம்மைவிடச் சின்ன நாடு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்து பேர் வேலை செய்யும் கடைக்கே பணிக்கொடைச் சட்டம் பொருந்தும். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவர் விலகும்போது, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் கேட்டு வாங்கலாம். 1972-லிருந்து இருக்கும் உரிமை. கேட்காமலே போகிறவர்கள் ஏராளம்.

ஆட்டோக்காரர், பூக்காரம்மா, கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவர் இவர்களுக்கெல்லாம் சம்பளத் தேதி கிடையாது. அவர்களுக்குத் தேதி பௌர்ணமி. பதினான்கு கிலோமீட்டரும் ஜனம் நடக்கும் அந்த இரவும் மறுநாளும் கையில் புரளும் காசு மற்ற நாட்களில் வராது. சேமிப்பை அன்றைக்கே பிரித்துவிடுவதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும். தேய்பிறையில் மிச்சம் பார்த்துக் கட்டலாம் என்றால் மிச்சம் இருக்காது.

எங்கே கட்டுவது? 18 முதல் 40 வயது வரை உள்ள, வருமானவரி கட்டாதவர்களுக்கு 2015-ல் வந்த அடல் பென்ஷன் யோஜனா உண்டு. வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேரலாம். 25 வயதில் சேர்ந்து மாதம் 376 ரூபாய் கட்டினால் 60 வயதிலிருந்து மாதம் 5,000. 40 வயதில் சேர்ந்தால் அதே ஐயாயிரத்துக்கு 1,454 கட்ட வேண்டும். தாமதத்தின் விலை இதைவிடப் பச்சையாக வேறெங்கும் அச்சாகவில்லை. அவருக்குப் பின் கணவனுக்கோ மனைவிக்கோ அதே தொகை, இருவருக்கும் பின் நாமினிக்கு எட்டரை லட்சம். நல்ல திட்டம்தான், ஆனால் அந்த 5,000-க்கு 35 வருஷம் கழித்து இன்றைய மதிப்பு சுமார் 900 ரூபாய். இன்று தமிழக அரசு கொடுக்கும் முதியோர் உதவித்தொகையே 1,200. ஆகவே இது ஒன்றை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

கூடவே பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதி. 1968-லிருந்து இருக்கிறது, பதினைந்து வருஷம், வருஷத்துக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதம். மாதம் ஆயிரம் கட்டினால் பதினைந்து வருஷத்தில் போட்டது 1 லட்சத்து 80 ஆயிரம், வருவது சுமார் 3 லட்சத்து 15 ஆயிரம். வேண்டுமானால் ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கொண்டே போகலாம். ஐந்தாம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி. கடன்காரர் கோர்ட்டுக்குப் போனாலும் இந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது. வியாபாரம் செய்கிறவர்களுக்கு வட்டியைவிட இது பெரிய விஷயம் என்பேன். அறுபதுக்குள் எளிதில் கை வைக்க முடியாதபடி பூட்டு வேண்டும், பங்குச்சந்தையிலும் கொஞ்சம் இருக்கட்டும் என்பவருக்கு 2009 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) உண்டு. அதற்கு ஒரு வாரம் தனியாக வேண்டும்.

இந்த 7.1 சதவீதத்தை ஆரணிப் பக்கம் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பலர் ஆருத்ரா நிதி நிறுவனத்தில் பணம் போட்டவர்கள். மாதம் 30 சதவீதம் வரை வட்டி என்று சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்கு நடத்துகிறது. 2022-ல் அது வெடித்தபோது இழந்தவர்களில் பி.எஃப். பணத்தை எடுத்துப் போட்டவர்களும் உண்டு.

கடைசியாக ஒரு வேலை, கல்யாணத்துக்கு நாள் குறித்தவுடன் செய்ய வேண்டியது. நம் பெண்களுக்கு இனிஷியல் மாறும். அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வரும். ஆதாரில் ஒன்று, பி.எஃப். கணக்கில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று ஆகிவிட்டால் பிற்பாடு மனு போடும்போது திரும்பி வந்துகொண்டே இருக்கும். சில திருத்தங்களுக்கு நிறுவனத்தின் ஒப்புதலோடு கூட்டு அறிவிப்புப் படிவம் வேண்டும். வேலையில் இருக்கும்போது ஹெச்.ஆர். மேஜையில் பத்து நிமிஷத்தில் ஆகிற காரியம் அது. மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.-ஐக் குறித்துக்கொண்டு, விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். தாலி ஏறிய பிறகு நாமினியைப் புதிதாகப் பதியுங்கள். மாமியார் வீட்டுக்கு எடுத்துப்போகும் பெட்டியில் மார்க்‌ஷீட்டோடு ஸ்கீம் சர்டிஃபிகேட்டும் இருக்கட்டும்.

(தொடரும்)